சந்தனம் காயாத சக்கரம்

என் மகள் கண்ணால்தான் கேட்கிறாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியையிடமும், துணிக்கடையில் விற்பனைப் பெண்ணிடமும், ரயிலில் எதிர் இருக்கைக்காரர்களிடமும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருக்கும். இந்த ஆயுதபூஜைக்குப் பிறகு என்னால் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. அவளுடைய வலது கண் போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் இப்போது அதற்குத் தெரியும். மிச்சம் இருப்பது இடது கண். அதை வைத்துக்கொண்டு மறுபடியும் அந்த இயந்திரத்தின் முன்னால் போய் நிற்கப்போகிறேன் என்கிறாள்.

இயந்திரம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். கார் கிடையாது. காருக்காக விட்ட இடத்துக்கு மூன்று பக்கமும் தகரம் அடித்து மகளுக்குக் கொடுத்துவிட்டோம். அவள் ஓவியக் கல்லூரியில் படித்தவள். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுக்கும் படங்கள் செய்வாள். கடையில் கிடைக்கிற உளி கைக்கு வாகாக இல்லை என்று தானே உளி செய்ய ஆரம்பித்தாள். அவளைப் பார்த்துக் கூடப் படித்தவர்கள் கேட்டார்கள். பிறகு வெளியூர்களிலிருந்து, முகம் தெரியாதவர்கள் கேட்டார்கள். படம் செய்வது குறைந்து, உளி செய்வதே வேலையாகிவிட்டது. அதற்காகத்தான் பாரிமுனையில் ஒரு பெஞ்ச் கிரைண்டர் வாங்கினாள். நடுவில் மோட்டார். ஒரு முனையில் சாம்பல் நிறச் சாணைச் சக்கரம், இன்னொரு முனையில் வெள்ளையாக, கொஞ்சம் நைசாக ஒன்று. ஓடும்போது இரும்பை அதில் வைத்தால் பொறி வாரி இறைக்கும்.

நான் பயந்தவள். பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பிள்ளைகள் அமிலத்தைத் தொடும்முன் கண்ணுக்குக் கண்ணாடி போட்டார்களா என்று பார்ப்பதிலேயே என் பாதி வேலை போய்விடும். இயந்திரம் வீட்டுக்குள் வந்த அன்றைக்கே உட்கார்ந்து படித்துவிட்டேன். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அந்தச் சக்கரம் கல் இல்லை. துகள்களைக் களிமண்ணோடு சேர்த்துச் சுட்டெடுத்த வட்டம். எங்கேயாவது இடிபட்டால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே விரிசல் விடும். விரிசலோடு சுழன்றால் ஒரு நேரம் சிதறும்.

"படிச்சிட்டியா? நானும் படிச்சேன்" என்றாள் மகள். "மாட்டறதுக்கு முன்னாடி தட்டிப் பாக்கணும். கணீர்னு கேட்டா நல்ல சக்கரம். டொக்குனு கேட்டா உள்ள விரிசல். மண்சட்டி வாங்கும்போது நீ தட்டுவல்ல, அதே மாதிரி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அந்த ஒன்றை மட்டும் அவளால் செய்ய முடியாது.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அவருக்குத் தன் காதைப் பற்றிக் கர்வம் உண்டு. வருடம் தவறாமல் மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் பின்வரிசையில் உட்கார்ந்து, பாடகர் வாயைத் திறந்த மாத்திரத்தில் ராகத்தை என் காதில் சொல்லி, பக்கத்தில் இருப்பவரிடம் முறைப்பு வாங்குகிறவர். இப்படிப்பட்ட காதுள்ளவருக்கு இப்படி ஒரு குழந்தையா என்று உறவினர் ஒருத்தி ஒருமுறை கேட்டாள். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. சக்கரத்தைத் தட்டிப் பார்க்கும் வேலை கிடைத்தபோது, அந்தக் கேள்விக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு பதில் கிடைத்தது போல அவர் முகம் இருந்தது.

புதுச் சக்கரம் வரும்போதெல்லாம் இது நடக்கும். அவர் அதன் துளையில் விரலை நுழைத்துத் தொங்கவிடுவார். ஸ்குரூடிரைவரின் மரப்பிடியால் ஓரத்தில் மெல்லத் தட்டுவார், கொஞ்சம் திருப்பி மறுபடி தட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார். மகள் சக்கரத்தைப் பார்க்கமாட்டாள், அவர் முகத்தைத்தான் பார்ப்பாள். அவர் கச்சேரியில் ஆட்டுவது போலத் தலையை ஆட்டுவார்.

"அப்பா, கச்சேரி முடிஞ்சுதா? எனக்கு வேலை இருக்கு."

"இரு கண்ணு. நல்ல சக்கரம்னா கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

அந்தத் தகரக் கொட்டகைக்கு ஒரு நிரந்தர விருந்தாளி உண்டு. ஊரூர் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா. அவளுடைய கத்தியை மகள்தான் சாணை பிடித்துக் கொடுப்பாள். தெருமுனையிலிருந்தே குரல் வந்துவிடும்.

"இன்னா பாப்பா, மிசினு ஓடிக்கினு கீதா? கத்தி மொக்கையா பூட்ச்சு. வஞ்சரத்த வெட்டுனா நசுங்குது!"

"ஏன் கத்தறீங்க? எனக்குத்தான் கேக்காதே" என்பாள் மகள்.

"கத்திக் கத்தி மீனு வித்த வாயி பாப்பா. சின்னதா பேசத் தெரியாது."

"வெத்தலைய துப்பிட்டுப் பேசுங்க. வாயே புரியல."

"பாத்தியா டீச்சர் உம் பொண்ண? எங்க மாமியாரே என்ன இத்தினி அதிகாரம் பண்ணல!"

மகள் வேலை செய்யும்போது முகத்தை முழுவதும் மறைக்கிற பிளாஸ்டிக் கவசம் போட்டுக்கொள்வாள். நான் வற்புறுத்தித்தான் என்றில்லை, அவளே கண்டிப்பாக இருந்தாள். கண் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பொறி பட்டுப் பட்டு அந்தக் கவசம் சீக்கிரமே மங்கிப்போகும். புதிது வாங்கினாலும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கிற இரும்பு தெரியும், தள்ளி நிற்பவரின் உதடு தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் பார்வை படுகிற இடத்தில் நின்று கையை ஆட்டுவோம். அவள் கவசத்தைத் தூக்குவாள். பிறகு பேசுவோம். அவள் தவழும் வயதிலிருந்தே எங்கள் வீட்டில் கையாட்டுவதற்குக் கூப்பிடுவது என்று அர்த்தம். பின்னாலிருந்து தொடமாட்டோம், பயந்துவிடுவாள். கையாட்டினால் அவள் எங்களைப் பார்ப்பாள். யோசித்துச் செய்வதில்லை, மற்ற வீடுகளில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல.

ஆயுதபூஜை எங்கள் வீட்டில் என் கணவருடைய பண்டிகை. அலுவலகத்தில் நாள் முழுக்க கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்கூட்டரைக் கழுவிப் பொட்டு வைப்பதைத் தவிர வேறு ஆயுதம் இல்லாமல் இருந்தது. மகளின் பட்டறை வந்தபின் அவருக்குக் கொண்டாட்டம். இந்த வருடமும் உளிகளைத் துடைத்து வாழையிலையில் வரிசையாக வைத்தார். இயந்திரத்திலிருந்து சக்கரங்களைக் கழற்றி, தூசி போகக் கழுவி, முகத்திலும் முதுகிலும் பட்டையாகச் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார்.

"அப்பா, அது குடிக்கும். தண்ணிய அப்படியே உறிஞ்சும்" என்றாள் மகள்.

"குடிக்கட்டும். வருஷம் பூரா நெருப்புதானே தின்னுது."

பொரி, கடலை, பழம், சூடம். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக் கூடாது. சக்கரங்கள் ராத்திரி முழுக்கப் பலகைமேல் இருந்தன. எடுக்கும்போதோ வைக்கும்போதோ, பலகையை நகர்த்தும்போதோ, சாம்பல் நிறச் சக்கரம் எங்கேயோ இடிபட்டிருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை. நானும் அவரும் அந்த நாளை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டோம். ஒரு சத்தமும் ஞாபகத்தில் இல்லை.

மறுநாள் விஜயதசமி. பூஜை முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் ஆயுதத்தைக் கொஞ்சமாவது தொட்டு வேலை செய்ய வேண்டும். நான் ஒரு பாடத்தை எடுத்துப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே ஜன்னலிலிருந்து கொட்டகை தெரியும். அவர் சக்கரத்தை விரலில் மாட்டித் தட்டுவதைப் பார்த்தேன். நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. சந்தனம் இன்னும் காயல போல. சத்தம் அடைச்சாப்ல இருக்கு."

வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி தட்டினார். ஈரமான சட்டி கணீரென்று ஒலிக்காது என்பது யாருக்கும் தெரிந்ததுதானே. எனக்கும் அது சரியாகவே பட்டது. "இப்பப் பரவால்ல" என்று தலையாட்டினார். "ராகுகாலம் வந்துடும். ஒரு தடவ ஓட்டிட்டு நிறுத்திடு, சாஸ்திரத்துக்கு." அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை என்பது பிறகுதான் என் நினைவுக்கு வந்தது.

மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் எப்போதும் போலக் கொஞ்ச நேரம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. கவசத்தை இறக்கிக்கொண்டு முன்னால் வந்து, ஒரு உளியை எடுத்துச் சக்கரத்தில் வைத்தாள். நான் பொரியில் வெல்லம் போட்டுக் கலந்துகொண்டிருந்தேன். சத்தம் மாறியது எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கையை ஆட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். என்ன சொல்கிறார் என்று கேட்க, கவசத்தைத் தூக்கினாள்.

அதன் பிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. பெரிய துண்டுகளைச் சக்கரத்தைச் சுற்றியிருந்த இரும்புக் கூண்டு பிடித்துக்கொண்டது. வெளியே வந்தது சிறிய துண்டுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ், ஸ்டிரெச்சர் தள்ளுகிறவர், எல்லோர் வாயிலும் மாஸ்க். இடது கண்ணிலும் தூள் விழுந்து வீங்கி மூடியிருந்தது. இல்லாவிட்டாலும் அவளுக்கு அங்கே யாரும் பேசுவது தெரிந்திருக்காது. அறுவை முடிந்து கொண்டுவந்தபோது இரண்டு கண்ணிலும் கட்டு. அவள் முழுக்க இருட்டில், முழுக்க நிசப்தத்தில் படுத்திருந்தாள். நான் கையைப் பிடித்ததும் அவள் விரல்கள் என் கைவழியே மேலே ஏறி என் தொண்டையில் வந்து நின்றன.

அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அப்படித்தான் பேசப் பழக்கினேன். என் தொண்டையில் அவள் உள்ளங்கையை வைத்து, அதிர்வைக் காட்டி, ஒவ்வொரு எழுத்தாக. அந்தக் கையை எடுத்துப் பல வருடமாகியிருந்தது.

"பேசு" என்றாள்.

"அம்மா இங்க இருக்கேன்" என்றேன். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. மறுபடி மறுபடி அதையே சொன்னேன்.

"அப்பா எதுக்குக் கைய ஆட்டினாரு? என்ன சொல்ல வந்தாரு?"

வெளியே தாழ்வாரத்தில் அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வேட்டி நுனியில் சந்தனக் கறை அப்படியே இருந்தது. நான் கேட்காமலே சொன்னார்: "சுருதி விலகிப்போச்சு. எனக்குக் கேட்டுது. நிறுத்துன்னு சொல்லத்தான் ஆட்டினேன்." தன் கையைப் பார்த்தபடி, "சுவிட்ச் என் தோள்கிட்ட இருந்துது. இந்தக் கை போயிருந்தா போதும். கைய ஆட்டினேன்" என்றார்.

அவர் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒருமுறைதான்.

வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆகிவிட்டன. இடது கண் தெளிந்துவிட்டது. அதைக் கண்ணின் மணி போலப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர், வேறு வார்த்தை கிடைக்காமல். மகள் இப்போது வலது பக்கம் நின்று பேசுகிறவர்களைக் கவனிப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் இடது பக்கமே உட்கார்கிறோம். நாலு பேர் கூடிப் பேசினால் முன்பெல்லாம் பந்து விளையாட்டுப் பார்ப்பது போல அவள் கண் ஓடும். இப்போது பாதியில் விட்டுவிட்டுத் தட்டைப் பார்க்கிறாள்.

அவர் அவளைக் கண்ணு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். சொல்லப்போனால் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் அறை வாசலில் போய் நிற்கிறார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவளாகத் திரும்பும்வரை நிற்கிறார். சில சமயம் அவள் திரும்புவதே இல்லை, அவர் வந்துவிடுகிறார். மார்கழி வந்தது. கச்சேரி டிக்கெட்டுகளை மாடிவீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். தொலைக்காட்சியில் பாட்டு வந்தால் எழுந்து போகிறார்.

மீன்காரம்மா வந்தாள். அன்றைக்குத் தெருமுனையிலிருந்து சத்தம் வரவில்லை. கேட்டருகே வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, மகளின் முகத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, மெதுவாக உதட்டை அசைத்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கும் ஒத்தக் கண்ணுதான் பாப்பா. தூண்டி முள்ளு பூந்துச்சு. கடலுக்குப் போய்க்கினுதான் கீறாரு. ஒண்ணும் ஆவாது."

எனக்குச் சுரீரென்றது. "அவரு கண்ணால கேக்கறவரு இல்லையே" என்று சொல்லிவிட்டேன். மீன்காரம்மாவின் முகம் சுருங்கியது. மகள் என் வாயையும் பார்த்திருக்கிறாள். அவளோ சிரித்தாள்.

"அவரு ஒத்தக் கண்ணால மீன் பிடிக்கறாரு. நான் ஒத்தக் கண்ணால உளி செய்யமாட்டேனா? கத்தி எங்க, குடுங்க."

எண்ணெய் விட்டுத் தீட்டுகிற கல்லில் கையாலேயே தேய்த்துக் கொடுத்தாள். வெகுநேரம் ஆனது. தேய்த்து முடித்து விரல் நுனியால் முனையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம், "இது கத்திக்குச் சரி. உளிக்கு ஆகாது. சக்கரம் வேணும்" என்றாள்.

நான் கத்தினேன். அவளிடம் கத்துவதில் அர்த்தமில்லை என்று தெரிந்தும் கத்தினேன். இன்னொரு கண்ணும் போனால் நான் உன்னிடம் எப்படிப் பேசுவேன், உன் கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சாகும்வரை உட்கார்ந்திருக்கவா என்று கேட்டேன். நான் முடிக்கும்வரை பார்த்தாள்.

"அதனாலதான் நல்ல சக்கரமாப் பாத்து மாட்டச் சொல்றேன். மாட்டாமயே இருக்கச் சொல்லாத. எனக்கு வேற என்னம்மா தெரியும்?"

போன சனிக்கிழமை பாரிமுனைக்குத் தனியாகப் போய் ஒரு சக்கரம் வாங்கிவந்தாள். செய்தித்தாளைப் பிரித்து, நேரே அவரிடம் கொண்டுபோனாள். அவர் தலையை அசைத்து வேண்டாம் என்றார். என் காதை நம்பாதே என்று உதட்டை மட்டும் அசைத்தார். எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார்.

அவள் என்னிடம் வந்தாள். சக்கரத்தையும் ஸ்குரூடிரைவரையும் என் கையில் கொடுத்து, எதிரே நின்றாள். முகத்தைக் கொஞ்சம் திருப்பி, இடது கண் என் நேரே வருகிறபடி.

விரலில் மாட்டினேன். நினைத்ததைவிடக் கனம். மரப்பிடியால் தட்டினேன். கோயில் மணியை யாரோ தூரத்தில் தொட்டது போல ஒலி வந்தது. திருப்பித் தட்டினேன். அதே ஒலி, சுத்தமாக, நீளமாக. எங்கேயும் அடைப்பில்லை. அறை முழுக்க அது நின்று அடங்கியது.

நான் தலையை இடவலமாக அசைத்தேன். "டொக்குங்குது" என்றேன்.

அவள் உடனே நகரவில்லை. என் வாயிலிருந்து பார்வையை எடுத்து, முகம் முழுவதையும் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்லத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு ஒவ்வொரு எழுத்தையும் இந்த முகத்தைக் காட்டித்தானே கற்றுக்கொடுத்தேன்.

"நெஜமாவா?"

"ஆமா."

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. அவர் வாசலில் நின்றார். கைகள் பின்னால். அவருக்கு அந்த ஒலி கேட்டிருந்தது. அத்தனை நல்ல சக்கரத்தின் ஒலி சுவரைத் தாண்டி அவருக்குக் கேட்காமல் இருக்காது. மகள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தரைக்கு இறக்கிக்கொண்டார்.

காது கேட்கிற இரண்டு பேர் அவளுக்கு எதிராகச் சேர்ந்துகொண்டது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை.

மகள் சக்கரத்தை என் விரலிலிருந்து உருவி, செய்தித்தாளில் சுற்றினாள். சுற்றும்போது ஒரு நிமிடம் அதன் ஓரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நகத்தால் தட்டினாள். எதையோ எதிர்பார்ப்பது போலக் காத்திருந்தாள். பிறகு நூலால் கட்டினாள்.

"சரி. அடுத்த சனிக்கிழமை போய் மாத்திட்டு வரேன்" என்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை. கட்டிய பொட்டலம் செருப்பு அலமாரிமேல் தயாராக இருக்கிறது. நாளை அவள் வேறொன்று கொண்டுவருவாள். அதுவும் கணீரென்றுதான் ஒலிக்கும்.